வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர்



பீடத்துக்கு அருகே இருக்கும் மன்றாட்டுப் பெட்டியை ஒவ்வொரு வாரமும் நவநாள் திருப்பலிக்கு முன்னால் திறக்கிறோம். எந்தச் சீட்டை யார் எழுதினார் என்று நாங்கள் தேடுவதில்லை. ஆனாலும் பங்கு மக்களின் மனத்தை அந்தச் சீட்டுகள் சொல்வதுபோல வேறெதுவும் எனக்குச் சொன்னதில்லை. மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் வேண்டும். மகனுக்குக் கப்பலில் வேலை வேண்டும். கூலிக்குப் போகும் மனிதருக்குச் சொந்தமாக ஒரு படகு வேண்டும். இந்த முறையாவது பதவி உயர்வு வரவேண்டும். பள்ளி நோட்டிலிருந்து கிழித்த தாளிலும், மளிகைக்கடை ரசீதின் பின்பக்கத்திலும் எழுதியிருக்கிறீர்கள். சில சீட்டுகளில் எழுத்து மறுபக்கம்வரை அழுந்தியிருக்கும். எழுதிய கையின் பாரம் அப்படி.

அவற்றை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் செபதேயுவின் மனைவி நினைவுக்கு வருகிறார். அவரும் மீன்பிடிக் குடும்பத்துப் பெண்தான். கணவருக்குச் சொந்தமாகப் படகு இருந்தது, கூலியாட்களும் இருந்தார்கள். இரண்டு ஆண்பிள்ளைகளும் வலையை விட்டுவிட்டு நாசரேத்துக்காரர் ஒருவரின் பின்னால் போய்விட்டார்கள். தாய் மனம் என்ன செய்யும்? போனதுதான் போனார்கள், அங்காவது நல்ல நிலைக்கு வரட்டும் என்று நினைக்கும். ஒருநாள் இரு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து, ஆண்டவர் முன் பணிந்து நின்று ஒரு வரம் கேட்டார். உமது ஆட்சி வரும்போது என் மக்களில் ஒருவன் உமக்கு வலப்பக்கமும் மற்றவன் இடப்பக்கமும் அமர வேண்டும் என்பதுதான் அந்த வரம். மத்தேயு நற்செய்தி தாய் கேட்டதாகச் சொல்கிறது. மாற்கு நற்செய்தியோ யாக்கோபும் யோவானும் தாங்களே வந்து கேட்டதாகச் சொல்கிறது. வீட்டில் பேசி வைத்துக்கொண்டு வந்த குடும்பத்தில் யார் முதலில் வாய் திறந்தார் என்பது பெரிய வேறுபாடா என்ன!

அவர்கள் கேட்ட நேரத்தைக் கவனியுங்கள். எருசலேமை நோக்கி நடந்துகொண்டிருக்கிறார்கள். தாம் காட்டிக்கொடுக்கப்படப் போவதையும், ஏளனம் செய்யப்படுவதையும், கொல்லப்படுவதையும் இயேசு மூன்றாம் முறையாகச் சொல்லி முடித்திருக்கிறார். அந்தச் சொற்கள் காற்றில் கரையுமுன்னே இவர்கள் இருக்கைக்கு இடம் பிடிக்கிறார்கள். மற்றப் பத்துப் பேருக்கும் கோபம் வந்தது என்று நற்செய்தி சொல்கிறது. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். சில நாள்களுக்கு முன் கப்பர்நாகூம் போகும் வழியில் தங்களுக்குள் யார் பெரியவர் என்று வாதாடியவர்கள் பன்னிரண்டு பேரும்தான். வழியில் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று ஆண்டவர் கேட்டபோது ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அன்பானவர்களே, ஆண்டவர் இந்த இரண்டு சகோதரர்களைத் துரத்திவிடவில்லை. உங்களைப் போன்றவர்களுக்கு என் குழுவில் இடமில்லை என்று சொல்லவில்லை. உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்றுதான் கேட்டார். மாற்கு எழுதிய அதே பத்தாம் அதிகாரத்தில், சில வசனங்களுக்கு அப்பால், எரிகோவின் சாலையோரம் உட்கார்ந்திருந்த பார்வையற்ற பர்த்திமேயுவிடமும் ஆண்டவர் அதே கேள்வியைத்தான் கேட்கிறார். அரியணை கேட்டு வந்தவருக்கும் கண்பார்வை கேட்டு வந்தவருக்கும் ஒரே கேள்வி, ஒரே கனிவு. பர்த்திமேயு கேட்டது அந்த நிமிடமே கிடைத்தது. சீடர்கள் கேட்டது அவர்கள் நினைத்த வடிவில் ஒருபோதும் கிடைக்கவில்லை. அதற்குள் ஒளிந்திருக்கும் இரக்கத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முன்னேற வேண்டும் என்ற வேகத்தை நாம் எப்படிப் பார்க்கிறோம்? நம் வீட்டுப் பிள்ளை இரவெல்லாம் கண்விழித்துப் படித்தால் அவனுக்கு லட்சியம் இருக்கிறது என்று பெருமைப்படுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டாவது படகு வாங்கினால் பேராசை என்கிறோம். ஒருவர் பங்குப் பேரவைக்குப் போட்டியிட்டால், நமக்கு வேண்டியவர் என்றால் சேவை மனப்பான்மை, வேண்டாதவர் என்றால் பதவி மோகம். ஒரே நெருப்புக்கு யார் வீட்டு அடுப்பில் எரிகிறது என்று பார்த்துப் பெயர் வைக்கிறோம். திருநூல் இப்படி அவசரப்படுவதில்லை. கண்காணிப்பாளர் பொறுப்பை நாடுகிறவர் நல்லதொரு பணியை நாடுகிறார் என்று திமொத்தேயுவுக்கான திருமுகம் சொல்கிறது. பிலிப்பியருக்கு எழுதும்போதோ, கட்சி மனப்பான்மையாலும் வீண்பெருமையாலும் எதையும் செய்யாதிருங்கள் என்று பவுல் கெஞ்சுகிறார். இறைவாக்கினர் எரேமியாவின் எழுத்தராக இருந்த பாரூக்குக்கு, உனக்கென்று பெரியவற்றைத் தேடாதே என்று ஆண்டவர் நேரடியாகவே சொல்லி அனுப்பினார். இவற்றை ஒன்றுசேர்த்து வாசித்தால் ஆசைப்படலாமா கூடாதா என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது. யாருக்காக ஆசைப்படுகிறாய் என்ற கேள்விதான் நம் முன்னால் வந்து நிற்கிறது.

நாம் புனித பிரான்சிஸ் சவேரியாரைக் கொண்டாடுகிற மக்கள். அவரைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவரை மாற்றிய மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லொயோலா இஞ்ஞாசியார் அரசவைச் சூழலில் வளர்ந்த வீரர். புகழ் வேண்டும், வாள்வீச்சில் பெயர் வேண்டும், உயர்குலத்துப் பெண்ணொருத்தியின் கவனம் வேண்டும் என்று வாழ்ந்தவர். 1521 மே மாதம் பம்ப்லோனா கோட்டையைக் காக்கும் சண்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை உடைத்தது. எலும்பு கோணலாகச் சேர்ந்து, முட்டிக்குக் கீழே துருத்திக்கொண்டு நின்றது. அக்காலத்துப் பிரபுக்கள் அணியும் இறுக்கமான காலணிக்கு அது அழகாக இருக்காது என்று, அந்த எலும்பை அறுத்துச் சமன்செய்யச் சொன்னார் இஞ்ஞாசியார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. அழகாகத் தோன்றவேண்டும் என்பதற்காக அந்த வலியைத் தாங்கிய மனிதர் அவர்.

படுக்கையில் கிடந்தபோது வீரர்களின் கதைப் புத்தகங்கள் கேட்டார். அந்த வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்வைப் பற்றிய நூலும் புனிதர்களின் வரலாறும்தான் இருந்தன. வாசிக்க வாசிக்க, பிரான்சிஸ் அசிசியார் இதைச் செய்தாரா, நானும் செய்வேன், தோமினிக் அதைச் செய்தாரா, நானும் செய்வேன் என்று மனத்துக்குள் போட்டி எழுந்தது. பாருங்கள், அப்போதும் அது போட்டிதான்! ஆனால் அவர் ஒன்றைக் கவனித்தார். அரசவைப் புகழை எண்ணிக் கனவு காணும்போது இன்பமாக இருந்தது, எண்ணி முடித்ததும் உள்ளம் வறண்டது. இறைவனுக்காக எதையாவது செய்வதை எண்ணியபோதும் இன்பமாக இருந்தது, எண்ணி முடித்த பின்னும் அமைதி தங்கியது. பிற்காலத்தில் திருச்சபைக்கு அவர் விட்டுச்சென்ற ஆன்மிகப் பயிற்சிகளுக்கெல்லாம் வேர் இந்தச் சிறு கவனிப்பில் இருக்கிறது.

எஞ்சின் வராத காலத்தில் நம் பாட்டனார்கள் எதிர்க்காற்று அடித்தாலும் பாயைத் திருப்பித் திருப்பிக் கட்டி, கோணல்மாணலாக ஓடியாவது ஊர்க் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். காற்றை நிறுத்தும்படி ஒருவரும் வேண்டிக்கொள்ளவில்லை. இஞ்ஞாசியாரின் உள்ளத்திலும் ஆண்டவர் காற்றை நிறுத்தவில்லை, பாயைத்தான் திருப்பினார்.

சகோதரர்களே, சகோதரிகளே, இதை உங்கள் வீட்டு முற்றத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் மிக அதிகமாக ஆசைப்படும் ஒன்றை மனத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அது கிடைத்துவிட்டதாகவே நினைத்துப் பாருங்கள். அதன் மறுநாள் காலையில் உங்கள் உள்ளம் எப்படி இருக்கும்? யாருடைய முகம் முதலில் நினைவுக்கு வரும்? நன்றி சொல்ல ஒருவரின் முகம் வருகிறதா, காட்டிக்கொள்ள ஒருவரின் முகம் வருகிறதா? பதில் உடனே வராவிட்டால் கவலைப்பட வேண்டாம். இஞ்ஞாசியாருக்கே மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்துதான் அது புலப்பட்டது.

இப்போது நம் சவேரியார். நவாரா நாட்டுப் பிரபுக் குடும்பத்தில் 1506-இல் பிறந்தவர். தந்தை அரச ஆலோசனை மன்றத்தின் தலைவராக இருந்தார். பிள்ளைக்கு ஆறு வயதாக இருக்கும்போதே அந்த நாட்டைக் காஸ்டில் அரசு பிடித்துக்கொண்டது. சில ஆண்டுகளில் தந்தை இறந்தார், அதற்கு அடுத்த ஆண்டு அவர்கள் கோட்டையின் கோபுரங்கள் இடிக்கப்பட்டன. இழந்த மதிப்பை மீட்க வேண்டும் என்ற தவிப்பு அந்த வீட்டுச் சுவரிலேயே ஊறியிருந்தது. அண்ணன்மார் இருவர் வாளை எடுத்தார்கள். இளையவரான பிரான்சிஸ் புத்தகத்தை எடுத்தார். 1525-இல் பாரீஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பட்டம் பெற்றுப் பாடம் நடத்தினார். பம்ப்லோனா பேராலயத்தில் வருமானமும் கௌரவமும் உள்ள ஒரு பதவியின் மேல் கண் வைத்திருந்தார். அதில் தவறென்று அன்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குடும்பத்தின் பாரத்தைத் தோளில் ஏற்ற ஒரு மகனின் நியாயமான முன்னேற்றம் அது. நம் வீடுகளில் பிள்ளைகள் சுமப்பதும் பெரும்பாலும் அத்தகைய பாரம்தான்.

1529-இல் பாரீஸில் அவர் தங்கியிருந்த விடுதி அறைக்கு ஒரு வயதான மாணவர் நொண்டியபடி வந்து சேர்ந்தார், அவர்தான் இஞ்ஞாசியார். பம்ப்லோனாவில் அவர் காயம்பட்ட அந்தப் போரில், எதிர்த் தரப்பில் நின்றது சவேரியாரின் அண்ணன்மார். அப்படியிருந்தும் இருவரும் ஒரே அறையில் தங்கினார்கள். உடன் தங்கிய பேதுரு ஃபேபர் சீக்கிரமே இஞ்ஞாசியாரின் வழிக்கு வந்துவிட்டார். பிரான்சிஸ் பிடிகொடுக்கவில்லை. இஞ்ஞாசியார் அவரைக் கண்டிக்கவில்லை. அவர் வகுப்புக்கு மாணவர்களைச் சேர்த்துவிட்டார், கையில் காசில்லாதபோது உதவினார். உலகம் முழுவதையும் ஆதாயமாக்கித் தன் ஆன்மாவை இழப்பவனுக்குப் பயன் என்ன என்ற ஆண்டவரின் கேள்வியை மட்டும் விடாமல் நினைவூட்டிக்கொண்டிருந்தார் என்று மரபு சொல்கிறது. சில ஆண்டுகள் ஆயின. 1534 ஆகஸ்ட் 15 அன்று, மரியாளின் விண்ணேற்பு நாளில், மொன்மார்த்ர் குன்றில் வாக்குறுதி அளித்த ஏழு பேரில் பிரான்சிஸும் ஒருவர்.

அடுத்து நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்தியாவுக்குப் போகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சவேரியார் அல்லர். நிக்கோலாஸ் பொபதில்லா என்ற தோழர்தான் போகவேண்டியிருந்தது. 1540 மார்ச்சில் உரோமைக்கு வந்த அவர் நோயில் விழுந்துவிட்டார். காத்திருக்க நேரமில்லை. இஞ்ஞாசியார் அழைத்துக் கேட்டதும் சவேரியார் ஒத்துக்கொண்டு, பழைய ஆடைகளைத் தைத்துச் சரிசெய்துகொண்டு, ஓரிரு நாளில் கிளம்பிவிட்டார். கீழைநாடுகளின் திருத்தூதர் என்று நாம் கொண்டாடும் மனிதர் இன்னொருவரின் இடத்தை நிரப்ப வந்தவர். பட்டியலில் தன் பெயர் இரண்டாவதாகத்தான் இருந்தது என்று வருந்திக்கொண்டிருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால், இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமது முப்பத்தைந்தாம் பிறந்த நாளில் லிஸ்பனிலிருந்து கப்பலேறி, பதின்மூன்று மாதப் பயணத்துக்குப் பின் 1542 மே 6 அன்று கோவாவில் இறங்கினார். திருத்தந்தையின் தூதர் என்ற அதிகாரக் கடிதங்கள் கையில் இருந்தன. அவர் போய்த் தங்கிய இடமோ மருத்துவமனை. நோயாளிகளோடு இருந்தார், சிறைக்கைதிகளைப் பார்த்தார், ஞாயிறுதோறும் தொழுநோயாளரிடம் போனார். அந்த ஆண்டே நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழும் போர்த்துக்கீசியமும் தெரிந்தவர்களை உட்கார வைத்து, சிலுவை அடையாளம் முதல் விசுவாச அறிக்கைவரை செபங்களைத் தமிழில் ஆக்கச் சொல்லி, அவற்றை மனப்பாடம் செய்தார். பாரீஸில் அரிஸ்டாட்டிலின் தத்துவத்தைக் கற்பித்த பேராசிரியர், கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தவறான உச்சரிப்போடு தமிழ்ச் செபம் சொல்லிக்கொடுத்தார். நோயாளிகள் அழைத்துப் போகமுடியாதபோது, செபமாலையைக் கொடுத்துச் சிறுவர்களை அனுப்பினார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகும் நாள்கள் உண்டு என்று அவரே எழுதினார். மணப்பாட்டுக் குகை முதல் கோட்டாறுவரை இன்றும் நாம் அவர் காலடி பட்ட இடம் என்று காட்டுகிற மண் இதுதான்.

1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில் அவர் மனம் பொங்குகிறது. ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களுக்குப் போய், அதுவும் பாரீஸுக்குப் போய், புத்தி பேதலித்தவனைப் போலக் கத்தவேண்டும் என்று தோன்றுகிறதாம். முதலில் ஒரு பதவியோ மானியமோ கிடைக்கட்டும், பிறகு அதை வைத்துக் கடவுளுக்குப் பணிசெய்வோம் என்று எண்ணிப் படிக்கிறவர்களைக் குறித்து அவர் வேதனைப்படுகிறார். அந்த மாணவர் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதே தெருக்களில் அப்படித்தான் அவரும் நடந்தார். அந்தக் கடிதத்தில் ஆசை குறைந்த மனிதரைப் பார்க்கமுடியவில்லை. முன்பைவிடப் பெரிதாக ஆசைப்படுகிற மனிதர்தான் தெரிகிறார். பேராலயத்தில் ஓர் இருக்கை போதும் என்றிருந்தவருக்கு இப்போது மலாக்காவும் ஜப்பானும் சீனாவும் வேண்டும். ஆனால் அந்த ஆசையின் நடுவே அவர் பெயர் இல்லை. 1546-இல் அம்போய்னா தீவிலிருந்து எழுதும்போது, தோழர்களின் கடிதங்களிலிருந்து அவர்கள் கையெழுத்தை வெட்டியெடுத்துத் தம்மோடு வைத்திருப்பதாகச் சொல்கிறார். பெருமைக்கு ஏங்கிய நெஞ்சுக்கு இப்போது நண்பர்களின் பெயர்களே போதும்.

பதவி ஆசையின் ருசியை இஞ்ஞாசியார் அறிந்திருந்ததால்தான் தம் சபைக்கு ஒரு வேலி கட்டினார். இயேசு சபையில் இறுதி வாக்குறுதி அளிக்கும் குருக்கள், சபைக்குள்ளும் வெளியே திருச்சபையிலும் உயர்பதவியைத் தேடமாட்டோம் என்று இன்றும் வாக்குக் கொடுக்கிறார்கள். அச்சபையிலிருந்து வந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2014 கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் வத்திக்கான் அதிகாரிகளிடம் பேசியபோது, அவர்களைப் பிடிக்கக்கூடிய 15 நோய்களைச் சொன்னார். போட்டியும் வீண்பெருமையும் அவற்றில் ஒன்று. உரோமைக்கு வரும் நோய் நம் பங்குக்கு வராதா? பேரவைத் தேர்தல் முடிந்தபின் ஒரே குடும்பத்தில் அண்ணனும் தம்பியும் வெவ்வேறு திருப்பலிக்கு வருவதை நான் பார்க்கிறேன். திருவிழாவில் யார் கொடியேற்றுவது, கல்வெட்டில் யார் பெயர் மேலே வருவது என்று மனக்கசப்பு. குருக்களாகிய எங்களுக்கும் இது அந்நியமல்ல. பெரிய பங்கு எது, சிறிய பங்கு எது என்ற கணக்கு எங்கள் மத்தியிலும் உண்டு. எங்களுக்காக நீங்கள் மன்றாட வேண்டும். இது சடங்குக்குச் சொல்வதல்ல, தேவையால் கேட்பது.

செபதேயுவின் குடும்பத்துக்குத் திரும்புவோம். அவர்கள் கேட்டது என்ன ஆயிற்று? யாக்கோபை ஏரோது அரசன் வாளால் கொன்றான். பன்னிருவரில் முதலில் உயிர் கொடுத்தவர் அவர். தாம் பருகும் கிண்ணத்தைப் பருகமுடியுமா என்று ஆண்டவர் கேட்டபோது, முடியும் என்று பொருள் தெரியாமல் சொன்ன மனிதர், பொருள் தெரிந்து அதைப் பருகினார். யோவானின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. சமாரியர் ஊரொன்று இயேசுவை ஏற்க மறுத்தபோது, வானத்திலிருந்து நெருப்பு வரவழைத்து அந்த ஊரை அழிக்கட்டுமா என்று அண்ணனோடு சேர்ந்து கேட்டவர் யோவான். லூக்கா நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் அது. அதே லூக்கா எழுதிய திருத்தூதர் பணிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சமாரியா இறைவார்த்தையை ஏற்றுக்கொண்டதைக் கேள்விப்பட்டு எருசலேமிலிருந்து இருவரை அனுப்புகிறார்கள். பேதுருவும் யோவானும் போகிறார்கள். அந்தச் சமாரியர் தலைமேல் கைகளை வைத்து, தூய ஆவி இறங்கும்படி மன்றாடுகிறார்கள். நெருப்பு கேட்ட அதே மனிதர், அதே மக்களுக்காக ஆவியை வேண்டுகிறார்! ஆண்டவர் அவருடைய வேகத்தைப் பறித்துக்கொள்ளவில்லை. அது போய்ச் சேரும் இடத்தை மாற்றினார்.

அந்தத் தாய்? அவரையும் மத்தேயு மறக்கவில்லை. கல்வாரியில் தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்களின் பெயர்களைச் சொல்லும்போது, செபதேயுவின் மக்களுடைய தாயும் அங்கே இருந்தார் என்று எழுதுகிறார். ஆண்டவர் தம் மாட்சியில் உயர்த்தப்பட்டபோது அவருக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் யார் இருந்தார்கள் என்பதை அந்தத் தாய் தம் கண்ணால் பார்த்தார். இரண்டு கள்வர்கள். தம் பிள்ளைகளுக்காகக் கேட்ட இடம் எது என்று அப்போது புரிந்திருக்கும். கொடுக்கப்படாத வரத்துக்காக அன்று அவர் நன்றி சொன்னாரா, அழுதாரா, நமக்குத் தெரியாது. ஓடிப்போகாமல் நின்றார் என்பது மட்டும் தெரியும். ஏனென்றால், ஆசைப்பட்டுக் கேட்டபோது ஆண்டவர் அவரை அவமானப்படுத்தி அனுப்பவில்லை. அப்படி அனுப்பியிருந்தால் கல்வாரிவரை வந்திருப்பாரா?

அந்த இரண்டு கள்வர்களில் ஒருவர் சிலுவையில் தொங்கிக்கொண்டே ஒரு வரம் கேட்டார். ஆட்சிக்கு வரும்போது தம்மை நினைவில் கொள்ள வேண்டும் என்றார். ஆட்சியைப் பற்றித்தான் அவரும் கேட்டார், ஆனால் நாற்காலி கேட்கவில்லை. தன் வாழ்வில் காட்டிக்கொள்ள ஒன்றுமில்லாத அந்த மனிதருக்கு அன்றைக்கே விண்ணகம் கிடைத்தது.

தேர்வில் தோற்ற பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வார்த்தை. மூன்றாம் முறையும் மதிப்பெண் வரவில்லை என்று அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் மகளே, மகனே, நீ கடவுளுக்குத் தேவைப்படாதவன் ஆகிவிடவில்லை. சவேரியாரின் மிகப்பெரிய ஆசை சீனாவுக்குள் நுழைவது. சாங்சுவான் தீவில், சீனக் கரைக்கு மிக அருகே, தம்மை இரகசியமாக அழைத்துப்போவதாக வாக்களித்த வணிகனுக்காகக் காத்திருந்தார். அவன் வரவே இல்லை. காய்ச்சல் கண்டு, ஓலைக் குடிசையில், 1552 டிசம்பர் 3 அன்று, தம் நாற்பத்தாறாம் வயதில் இறந்தார். பார்த்தால் தோல்விதான். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபர் 6 அன்று, இத்தாலியின் மசராத்தாவில் மத்தேயு ரிச்சி பிறந்திருந்தார். பின்னாளில் அதே இயேசு சபையில் சேர்ந்து, 1583-இல் சீனாவுக்குள் குடியேறி, பெய்ஜிங்வரை போனவர் அவர்தான். இறக்கும் தறுவாயில் சவேரியாருக்கு இது தெரியாது. கடவுளுக்குத் தெரியும்.

முதுமையாலோ நோயாலோ வீட்டோடு கிடப்பவர்களே, நம் ஆசைக்கெல்லாம் காலம் முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். லிசியே நகரின் தெரேசம்மாள் மறைப்பணியாளராக, குருவாக, மறைசாட்சியாக, எல்லாமாகவும் இருக்க ஆசைப்பட்டவர். கார்மெல் மடத்துக்குள்ளேயே இருந்து, காசநோயால் இருபத்து நான்கு வயதில் இறந்தார். 1927-இல் திருச்சபை அவரைச் சவேரியாருக்கு இணையாக மறைப்பணி நாடுகளின் பாதுகாவலராக அறிவித்தது. கடல்கடந்த மனிதரையும் சுவரைத் தாண்டாத பெண்ணையும் ஒரே பணிக்குக் காவலாக வைத்திருக்கிறோம்.

நினைத்ததைச் சாதித்துவிட்டு உள்ளுக்குள் களைத்துப் போயிருப்பவர்களும் இங்கே உண்டு. மாடி வீடு கட்டியாயிற்று, கார் வந்தாயிற்று, பிள்ளை வெளிநாட்டில். இரவில் தூக்கம் மட்டும் இல்லை. யாரையோ மிதித்துத்தான் இந்தப் படியில் ஏறினோம் என்ற உறுத்தல் ஒரு மூலையில் கிடக்கிறது. அதைச் சுமந்துகொண்டே திரிய வேண்டியதில்லை. சக்கேயு எரிகோவில் மரத்தின்மேல் ஏறியிருந்தபோது ஆண்டவர் கணக்குக் கேட்கவில்லை, உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார். கணக்கைச் சக்கேயுவே பிறகு சொன்னார், நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று. இரக்கம் முதலில் வந்தது, ஈடுசெய்தல் பின்னால் வந்தது.

பெற்றோரே, உங்களிடம் இன்று ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளைக்காக நீங்கள் ஆசைப்படுவதில் குற்றமில்லை. ஆனால் தேர்வு முடிவு வருவதற்கு முந்தைய இரவில், முடிவு என்னவானாலும் நீ எங்கள் பிள்ளைதான், நேராக வீட்டுக்கு வா, சோறு காத்திருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்களுக்கே தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். பலருக்குத் தெரிவதில்லை.

திருவருகைக்காலம் நெருங்குகிறது. வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணி முதல் ஒப்புரவு அருள்சாதனத்துக்காகப் பக்கத்துப் பங்குகளிலிருந்தும் குருக்கள் வருகிறார்கள். பேரவைத் தேர்தலில் எதிரெதிரே நின்றவர்கள், கல்வெட்டுப் பெயருக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள், சொத்துக்காக அண்ணன் வாசலை மிதிக்காதவர்கள், தயவுசெய்து வாருங்கள். முடிந்தால் அந்த எதிர்த் தரப்புக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கடைசி ஆள் போகும்வரை நாங்கள் கோவிலில் இருப்போம்.